‘இன்னொரு தடவை சாவி போடாதே!’ - ஒரு குட்டியானைக்காரரின் இன்ஜின் கணக்கு

திண்டிவனம் பக்கம் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் கண்டுபிடிப்பது கஷ்டம். ‘குட்டியானைக்காரர்’ என்று கேட்டால் டீக்கடையில் நிற்பவர்களே வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள். வீடு மாற்ற சாமான் ஏற்ற வேண்டுமா, மரக்காணம் உப்பளத்திலிருந்து உப்பு மூட்டை வர வேண்டுமா, மல்லாட்டை மூட்டைகளை விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இறக்க வேண்டுமா... முதல் போன் அவருக்குத்தான்.

டாடா ஏஸ் 2005-ம் ஆண்டு அறிமுகமானது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே காலியாக இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. உருவத்தைப் பார்த்துத் தமிழ்நாடு வைத்த பெயர்தான் குட்டியானை. பிறகு ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பொலிரோ பிக்-அப்பும் ஊர் ஊராகப் பரவியது. எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் பேச்சுவழக்கில் பலருக்கு இன்றும் அது குட்டியானைதான்.

நம் குட்டியானைக்காரரிடம் இருப்பது 2012 மாடல், டி.என். 16 பதிவெண். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்கு டிரைவரும் அவரே, கிளீனரும் அவரே. கணக்குப்பிள்ளை மட்டும் அவர் மனைவி. பழைய டைரி ஒன்றில் வாடகை, டீசல், டோல், ரிப்பேர் என்று நான்கு பத்திகள் போட்டு எழுதி வைக்கிறார்.

வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை நிற்கும். டியூ நிற்காது. அதனால் சின்ன சத்தம் கேட்டாலும், விளக்கு ஒன்று எரிந்தாலும், ‘இந்த டிரிப்பை முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்’ என்றுதான் எந்த ஓனருக்கும் தோன்றும். அவருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அதை மாற்றியவர், இருபது வருடமாக டீசல் வண்டிகளைப் பிரித்துப் போடும் ஒரு மெக்கானிக். அவர் சொன்னது ஒரே வரி.

“ஒரு நாள் வாடகை போனா போவுது தம்பி. இன்ஜின் போனா வூடே போயிடும்.”

வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஏராளம். எப்போது ஓட்டக்கூடாது என்று தெரிந்தவர்களுடைய வண்டிதான் பத்து வருடம் தாண்டியும் ஓடுகிறது.

காலையில் ஐந்து நிமிடம்

டீக்குடிக்கப் போகும் முன், அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்கிறார். ராத்திரி முழுக்க நின்ற இடத்தில் தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் அன்றைக்கு வண்டி கிளம்பாது.

அடுத்தது டிப் ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போது துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றலாம். ஊற்றாமலே அளவு கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பால் ஊற்றிய டீ மாதிரி நிறம் மாறியிருந்தால் அது தண்ணீர்தான். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். அதற்காகப் பதற வேண்டியதில்லை.

ரேடியேட்டரில் அவர் போர் தண்ணீர் ஊற்றுவதில்லை. கடலோரத்தை ஒட்டிய பகுதி, பல இடங்களில் உப்புத் தண்ணீர். பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைப் படிவம் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். வெளியே எவ்வளவு காற்று அடித்தாலும் உள்ளே சூடு இறங்காது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்த கேன் ஒன்று சீட்டுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும்.

கடைசியாக டயர். லோடு வண்டிக்குக் காற்றளவு என்பது லோடைப் பொறுத்தது. காற்று குறைந்த டயரில் பாரம் ஏற்றி வெயிலில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்டார்ட் ஆகலையா? மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் போல ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்கு வரை அழுத்தும்போது அது தானாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலின் இன்ஜின் ஒன்று 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. டி.எம்.வி. என்ற பெயரில் மல்லாட்டை ரகங்களை வெளியிட்ட எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திண்டிவனத்துக்கு இந்தச் செய்தி பிடிக்கும். அதற்காக இன்றைய வண்டியில் கடலை எண்ணெய் ஊற்றிப் பார்க்கக் கூடாது. அதன் கொழகொழப்பை இன்றைய பம்பும் நாசிலும் தாங்காது.

இந்த அடிப்படை புரிந்தால், ஸ்டார்ட் ஆகாத வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறதா? டீசல் போகிறதா? காற்று போகிறதா?

மெதுவாகச் சுற்றினால் பேட்டரி. அதிலும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை அல்ல, டெர்மினலை. வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். எர்த் ஒயர் சேஸிஸில் பிடித்திருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கியவர்கள் உண்டு.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல். டேங்க் வற்றும் வரை ஓட்டினாலோ, டீசல் பைப் எங்காவது லூசாக இருந்தாலோ காற்று உள்ளே போய்விடும். மெக்கானிக்குகள் ‘ஏர் எடுத்துடுச்சு’ என்பார்கள். பழைய மாடல்களில் ஃபில்டருக்கு மேலிருக்கும் கை பம்பை அடித்து, குமிழி வராமல் டீசல் மட்டும் வரும் வரை காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. அதனால் ஃபில்டரின் அடியில் தங்கும். அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி அதை வடித்துவிட வேண்டும்.

மார்கழிப் பனியில் மட்டும் தகராறு செய்தால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படலாம். ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருப்ப வேண்டும். சில நொடிகள்தான். அவசரத்தில் அதைக்கூடக் காத்திருக்காதவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது. கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி. மூன்று முறை முயன்றும் வரவில்லை என்றால், நான்காவது முறைக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். இல்லையென்றால் ஒரு கோளாறு மூன்றாகும். பேட்டரி போகும், செல்ஃப் மோட்டார் போகும், முதலில் இருந்த கோளாறு அப்படியே இருக்கும்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் பழுதாகியிருக்கலாம், அல்லது தாங்காத லோடாக இருக்கலாம். செங்கல் சூளைக்கும் மண் ரோட்டுக்கும் போகும் வண்டியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். முதலில் அதைக் கழற்றிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போ இருக்கும் வண்டியில் டர்போ என்று தேட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

புகைக்கும் முன்னால் சேதி சொல்வது அந்த டைரி. ஒவ்வொரு முறையும் டேங்க் நிரப்பும்போது கிலோமீட்டரை எழுதி வைக்கிறார் அவர் மனைவி. “போன மாசத்தைவிட லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கம்மி. யாருக்காச்சும் டீசல் ஊத்திக் குடுத்தியா?” என்று ஒருநாள் கேட்டார். பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார் கணவர். ஒரு பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. டிரம் சூடாகிக் கருகும் வரை விட்டிருந்தால் செலவு பல மடங்கு ஆகியிருக்கும்.

உப்பு லோடுக்குத் தனிக் கணக்கு

மரக்காணம் லோடுக்கு வாடகை நன்றாக இருக்கும். ஆனால் மூட்டையிலிருந்து கசியும் உப்பு நீர் தொட்டியின் பலகை வழியாக இறங்கி சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, பிரேக் பைப் என்று எல்லாவற்றிலும் உட்காரும். மேலே பெயின்ட் பளபளக்கும்போதே கீழே இரும்பு உதிர ஆரம்பித்திருக்கும்.

அதனால் உப்பு இறக்கிய அன்றே வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிறார். காய்ந்த பிறகு பட்டைக்கும் ஷாக்கிள் பின்களுக்கும் கிரீஸ். மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரித்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும் என்பது அவர் அனுபவம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். பெயின்ட் அடித்துக்கொண்டு போவதைவிட, வருடம் முழுக்கக் கழுவியிருந்தால் அன்றைக்குப் பதற்றமில்லை.

ஃபெஞ்சல் கற்றுக்கொடுத்தது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் மிதந்தது. அரசூரில் வெள்ளம் ஏறி சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே முடங்கியது.

விடிந்தபோது குட்டியானைக்காரர் வீட்டுத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். வண்டிக்குள் சீட் வரை நனைந்திருந்தது. ஏஸ் வண்டியில் இன்ஜின் இருப்பதே அந்த சீட்டுக்கு அடியில்தான். மதியத்துக்கு மேல் தண்ணீர் வடிந்ததும் தெருவே கூடிவிட்டது.

“ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பாரேன்... ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல?”

அவருக்கும் கை துடித்தது. ஆனால் அவர் சாவி போடவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு மெக்கானிக்குக்கு போன் செய்தார். “வர ரெண்டு நாள் ஆவும். அதுவரைக்கும் தொடாதே” என்று பதில் வந்தது.

தொடக்கூடாது என்றதற்குக் காரணம் உண்டு. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது செல்ஃப் அடித்தால், மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீர்ச் சுவரில் போய் முட்டும். நடுவில் மாட்டிக்கொள்ளும் கனெக்டிங் ராடு வளையும். சில நேரம் உடைந்து பிளாக்கையே ஓட்டை போடும். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பல இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பணம் கிடைக்காது. தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பாலிசியைப் படித்துவிடுவது நல்லது.

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார். டிப் ஸ்டிக்கை இழுத்தார். ஆயில் அளவு ஏறி, நிறம் வெளுத்திருந்தது. ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் தண்ணீர். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றியபோது ஓட்டை வழியாகச் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியது. சுற்றி நின்றவர்கள் அமைதியாகிவிட்டார்கள். அந்தத் தண்ணீரோடு சாவி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

இன்ஜின் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி வடித்து மாற்றினார்கள். கியர் பாக்ஸ், பின்பக்க ஹவுசிங் ஆயில்களும் மாறின. டீசல் டேங்க்கும் ஃபில்டரும் சுத்தமாயின. செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிக் காய வைத்தார்கள். சக்கர பேரிங்குகளில் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்தார்கள். ஒரு வாரத்தில் வண்டி ரோட்டுக்கு வந்தது.

அடுத்த தெருவில் முதல் நாளே சாவி போட்ட ஒரு வண்டி, பொங்கலுக்கும் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது.

புது வண்டி என்றால் பழைய வித்தை வேண்டாம்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 வண்டிகள் மட்டுமே விற்பனைக்குப் பதிவாகின்றன. இந்த டீசல் வண்டிகளில் பழைய கை வைத்தியம் பலவும் ஆபத்து. முன்பு நாசிலுக்குப் போகும் பைப் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்துக் காற்றை எடுப்பார்கள். காமன் ரெயில் இன்ஜினில் அந்த பைப்பில் இருக்கும் அழுத்தம், டீசலை ஊசி போலத் தோலுக்குள் ஏற்றிவிடும். பார்க்கச் சின்னப் புள்ளியாகத் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும் வண்டிகள், அவ்வப்போது அந்தக் கரியைத் தாமாகவே எரித்துக்கொள்ளும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட வேண்டும். மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அதற்கு வாய்ப்புக் கிடைக்காமல் விளக்கு எரியும். வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டால் ஃபில்டரையே மாற்ற வேண்டி வரலாம். சில வண்டிகளில் யூரியா கரைசலுக்குத் தனி டேங்க் உண்டு. அதன் மூடியைத் திறந்து டீசல் ஊற்றிவிடக் கூடாது. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்தும் ஊற்றக் கூடாது.

முள் இறங்கினால் நிம்மதியா?

சில மாதங்களுக்கு முன், விழுப்புரத்தில் கத்திரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குக் கிளம்பினார். பக்கத்தில் காய்க்குச் சொந்தக்காரரான விவசாயி. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறியது. வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச தூரத்தில் முள் சட்டென்று கீழே இறங்கியது.

“தோ, எறங்கிடுச்சுப்பா. திண்டிவனம் இன்னும் கொஞ்ச தூரம்தானே? உங்க ஊர்தானே? போய்ப் பார்த்துக்கலாம்” என்றார் விவசாயி.

குட்டியானைக்காரர் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார்.

முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் கூலன்டில் நனைந்திருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் முள் இறங்கலாம். இன்ஜின் அப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கினால், அது ஏறியதைவிட மோசமான அறிகுறி.

“விடியறதுக்குள்ள போவலைன்னா ரேட்டு வுழுந்துடும்பா” என்று விவசாயி புலம்பினார். அதுவும் நியாயம்தான். இரண்டு மாத உழைப்பு பின்னால் மூட்டையாக இருந்தது. திண்டிவனத்தில் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு குட்டியானைக்காரருக்கு போன் போனது. முக்கால் மணி நேரத்தில் அவர் வந்தார். மூன்று பேருமாக ரோட்டோரத்தில் மூட்டைகளை மாற்றி ஏற்றினார்கள். வாடகை முழுக்க வந்தவருக்கே போனது.

வண்டி கிளம்பிய பிறகு, இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருந்தார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது தெரிந்தது.

அன்றைய தேதியில் டைரியின் ரிப்பேர் பத்தியில் அவர் மனைவி எழுதியிருப்பது: ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று, கிளிப் இரண்டு, கூலன்ட் ஒரு கேன். வாடகைப் பத்தியில் ஒரு கோடு. அதற்கடுத்த வாரத்தில் ‘விழுப்புரம் - கோயம்பேடு, கத்திரிக்காய்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஏற்றியது அதே விவசாயிதான்.